கடைசிக் குழாயில் இளஞ்சிவப்பு

குடிநீர் நிலையத்தின் கெமிஸ்டுக்கு அன்று காலை எழுந்ததிலிருந்தே தலைகால் புரியவில்லை. பல் துலக்கும்போது பாடினாள். பாடக் கூடாத குரல் அது, அவளுக்கே தெரியும். ஆய்வகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைக் கோட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக இஸ்திரி போட்டாள். அமிலம் தெறித்து ஓட்டை விழுந்த கோட்டுக்கு எதற்கம்மா இவ்வளவு மரியாதை என்று அண்ணி கேட்டதற்கு, "சுருக்கம் இருந்தா ரீடிங் தப்பா வரும் அண்ணி" என்று கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னாள்.

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னைக்குத்தானே பத்தாவது நாள்?"

"ஆமா."

"இன்னையோட அந்தப் பெட்டிக்காரர் வர்றது நின்னுடும்?"

"தண்ணி தேறிட்டா நின்னுடும்."

"தேறுமா?"

"தேறாம? என்ன அண்ணி, என் தண்ணியைப் பத்தி இப்படிக் கேக்கறீங்க!"

"அப்ப சந்தோஷமா இருக்கியா, துக்கமா இருக்கியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு. நானும் அதுக்குத் தகுந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கறேன்."

கெமிஸ்ட் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக மழை ஊரை ஏமாற்றிவிட்டது. ஏரி ஓரத்திலிருந்து நடுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; தண்ணீரை இழுக்கிற குழாயை அதன் பின்னாலேயே நீட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இதைப் பார்த்து மேலிடத்தில் ஓர் அலுவலகம் பயந்துபோய், ஏரியிலிருந்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று அளவு கட்டி, பம்ப்பில் ஒரு மீட்டரைப் பொருத்தி, அதற்குச் சீலும் வைத்தது. அந்த அளவுக்கு ஊருக்குக் காலையில் ஒரு இரண்டு மணி நேரம் தண்ணீர் விடலாம். மிச்ச நேரமெல்லாம் தண்ணீர் குழாய்க்குள்ளேயே, சுட்டுக் கிடக்கிற மண்ணுக்கடியில் சும்மா படுத்துக் கிடக்கும். அப்படிப் படுத்துக் கிடக்கிற தண்ணீரில் குளோரின் செத்துப்போகும். குளோரின் செத்த இடத்தில் கிருமி குடும்பத்தோடு குடியேறும்.

இதே வருஷம் பார்த்து இன்னோர் இடத்தில், அதாவது தண்ணீரின் தரம் பார்க்கிற வாரியத்தில், விதியை இறுக்கினார்கள். நிலையத்தின் வாசலில் தண்ணீர் நன்றாக இருந்தால் போதாதாம். ஊரின் கடைசிக் குழாயிலும் குளோரின் இருந்தே தீர வேண்டுமாம். தண்ணீரைக் குறை என்கிறது ஓர் அலுவலகம். குறைத்த தண்ணீர் கடைசிவரை உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நியாயமான இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது எப்படி இருக்கும் என்று கெமிஸ்டைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வாள்.

நிலையத்தில் குளோரினைக் கூட்டினால் பக்கத்துத் தெருக்காரர்கள், "நீச்சல் குளத்தையே வீட்டுக்கு அனுப்பி வெக்கறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார்கள். குறைத்தால் கடைசிக் குழாயில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒன்றுமே இல்லாமல் ஒரு நாள் வாரியத்தின் பரிசோதனையில் தண்ணீர் தோற்றுப்போனது. தோற்றால் என்ன என்று விதியில் தெளிவாக இருந்தது: வாரியத்தின் ஆள் தினமும் வந்து பார்ப்பார்; தொடர்ந்து பத்து நாள் தேறினால் பழையபடி எப்போதாவது வந்து பார்ப்பார்; இடையில் ஒரே ஒரு நாள் தவறினாலும் விநியோகம் நிறுத்தப்படும். குழாய் முழுவதையும் கழுவிக் காட்டிய பிறகுதான் மறுபடி திறக்கலாம்; பத்து நாள் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். ஊர்க் குழாயைக் கழுவுகிற அளவுக்கு ஏரியில் தண்ணீர் இருந்தால் இந்தக் கதையே எதற்கு? விநியோகம் நின்றால் மழை வருகிறவரை லாரித் தண்ணீர்தான், குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் தவம்தான்.

கெமிஸ்ட் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வழியில் பாதித் தூரத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. அதன் உச்சியில் ஒரு டிரம்மை வைத்து, மெல்லிய குழாய் மாட்டி, குளோரினைச் சொட்டுச் சொட்டாக அங்கே இன்னொரு தடவை விட்டாள். நிலையத்தில் கொஞ்சம், பாதி வழியில் கொஞ்சம். பக்கத்துத் தெருவும் கத்தவில்லை, கடைசிக் குழாயும் காயவில்லை. ஆனால் சொட்டு அதிகமாகிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பார்க்க அவளே தினமும் விடிந்தும் விடியாமலும் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி இறங்க வேண்டும். அவள் உயரம் என்றால் நடுங்குகிற பிறவி. ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாள், இறங்கும்போதும் மூடிக்கொள்வாள்.

இதுவரை எல்லாம் வேலை. இனிமேல்தான் வம்பு.

தினமும் வந்து பார்க்க வாரியம் அனுப்பிய ஆள் கையில் எப்போதும் ஒரு நீல நிற ஐஸ் பெட்டி இருக்கும். அதனால் பெட்டிக்காரர். நாற்பது வயது இருக்கும், ஒற்றை ஆள், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார், துடைத்து முடிப்பதற்குள் பேச வந்தது மறந்துபோகும். காலையில் கடைசிக் குழாயில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, நேராக நிலையத்துக்கு வந்து கெமிஸ்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? முதல் நாள் உடனே ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. ஏழாம் நாள் பம்ப் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன கெமிஸ்டம்மா, கையெழுத்துல இன்னும் எத்தனை எழுத்து பாக்கி?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. பம்ப் அண்ணன் பம்ப்பை ஓட்டுகிறவர். நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் இருப்பதால் ரகசியம் சொன்னாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டால் யாரும் காதல் என்று சொல்ல மாட்டார்கள்.

"இன்னைக்குக் கலங்கல் கம்மியா இருக்குங்க."

"ராத்திரி காத்து இல்ல. ஏரி அலையாம இருந்துச்சு."

"ஓ. காத்து இல்லைன்னா கம்மியாகுமா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்... நீங்க சொல்லிக் கேக்கலாம்னு."

இதற்குப் பிறகு கெமிஸ்ட் அன்று மாலைவரை சோதனைக் குடுவைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயதில், கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து வீட்டில் எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிட்ட பிறகு, அவளும் விட்டுத் தொலைந்தது என்று நிம்மதியாக இருந்த நேரத்தில், கலங்கலைப் பற்றி ஒருவர் கேட்கப்போய் இப்படி ஆகிவிட்டது. தண்ணீர் தேறத் தேற அவளுக்குச் சந்தோஷம். ஒவ்வொரு நாள் தேறும்போதும் அவர் வருகிற நாளில் ஒன்று குறைகிறதே என்று காலண்டரைப் பார்த்துக் கணக்கும் போட்டாள். ஆனாலும் ஒரு நாள்கூடச் சொட்டில் கை வைக்கவில்லை. இதை அவளுக்காக நான் அடித்துச் சொல்வேன்.

பத்தாம் நாள் காலையிலும் அப்படித்தான். இஸ்திரி போட்ட கோட்டோடு கண்ணை மூடிக்கொண்டு ஏணி ஏறினாள். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து மாத்திரையைப் போட்டாள். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும்; எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். குப்பியில் அழகான இளஞ்சிவப்பு. இங்கே இந்த நிறம் இருந்தால் கடைசிக் குழாயில் கொஞ்சம் வெளுத்தாலும் தேறிவிடும். அவள் இறங்கி நிலையத்துக்கு வந்தாள். டீக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். "கடைசி டீயா இருந்தா நல்ல டீயா இருக்கட்டும்" என்று இன்னொரு தடவை போய்ச் சர்க்கரை கூடப் போடச் சொல்லிவிட்டு வந்தாள்.

பெட்டிக்காரரின் ஸ்கூட்டர் வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க?" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நிறமே வரல."

"எதுல?"

"கடைசிக் குழாய்ல. மாத்திரை போட்டேன். ரெண்டு தடவை போட்டேன். பச்சத் தண்ணியா இருக்கு. வாரியத்துக்கு அங்கேருந்தே போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். சொல்லல. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்துட்டேன்."

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், அவள் யாரிடமும் சொல்லாதது. அந்த ஒரு நொடியில் அவள் மனசு துள்ளியது. அப்படியென்றால் மறுபடியும் பத்து நாள்! அடுத்த நொடியே அவளுக்குத் தன்னை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர் பூராவும் குடத்தோடு தெருவில் நிற்கப்போகிறது, இவளுக்குப் பத்து நாள் கேட்கிறதாம்!

பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. தொட்டியில் அவ்வளவு சிவப்பாக இருந்தது, கடைசிக் குழாய்க்குப் போவதற்குள் கொஞ்சம் குறையலாம். சுத்தமாக எப்படிக் காணாமல்போகும்?

"பெட்டியைத் திறங்க" என்றாள்.

திறந்தார். ஐஸுக்கு நடுவில் இரண்டு பாட்டில்கள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு வெள்ளை மூடி. கடைசிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். சின்னக் குப்பியில் நேராகப் பிடிக்க முடியாது. அதனால் முதலில் பாட்டில்களில் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளை மூடி வெறும் பாட்டில். அதிலிருந்து குப்பியில் ஊற்றிக் குளோரின் பார்க்க வேண்டும். சிவப்பு மூடி ஆய்வகத்துக்குக் கிருமி பார்க்கப் போகிற பாட்டில். அதற்குள் முன்கூட்டியே ஒரு வெள்ளைத் தூளைப் போட்டிருப்பார்கள். போகிற வழியில் குளோரின் கிருமியைக் கொன்றுவிட்டால் ஆய்வகத்தில் உண்மை தெரியாமல் போய்விடுமே, அதற்காகக் குளோரினை ஒரே அடியாக அடித்துவிடுகிற தூள். சிவப்பு மூடித் தண்ணீரில் ஆயிரம் மாத்திரை போட்டாலும் நிறம் வராது. தண்ணீர்ச் சோதனைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

வெள்ளை மூடிப் பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை நிறைந்திருந்தது. சிவப்பு மூடிப் பாட்டிலில் இரண்டு குப்பி அளவு குறைந்திருந்தது.

கெமிஸ்ட் அந்த இரண்டையும் பார்த்தாள். பெட்டிக்காரரைப் பார்த்தாள். பத்துப் பதினோரு வருஷமாகப் பெட்டி தூக்குகிற மனுஷன். இவரா தெரியாமல் செய்திருப்பார்? வேண்டுமென்றே செய்திருக்கிறார். மறுபடியும் பத்து நாள் வருவதற்காகச் செய்திருக்கிறார். அப்படி நினைத்ததும் அவளுக்குக் காது நுனிவரை சூடேறியது. எனக்காகவா என்று முதலில் உள்ளூரக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள்.

"ஐயோ, ஏங்க?"

"ஊரே நாக்கு வறண்டு கிடக்குது. ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு அந்த ஏணியில ஏறுறேன். உங்களுக்கு வெளையாட்டா இருக்கா? எந்த பாட்டில்லேருந்து ஊத்தினீங்க? பாருங்க, நல்லாப் பாருங்க!"

பெட்டிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு பெட்டியின் மேலேயே, மூடி திறந்திருக்கிறது என்பதுகூடத் தெரியாமல், ஐஸில் உட்கார்ந்துவிட்டார்.

"சிவப்பு மூடி" என்றார். "சிவப்பு மூடியிலேருந்து ஊத்தியிருக்கேன். நான் போய்... சிவப்பு மூடியிலேருந்து..."

நடிப்பு இல்லை. நடிக்கிறவன் ஐஸில் அவ்வளவு நேரம் உட்கார மாட்டான்.

"எப்படிங்க இந்தத் தப்பு வரும்? நெனப்பெல்லாம் எங்க இருந்துச்சு?"

அவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்.

"சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். தப்பான பாட்டில்ல பாத்தது சாம்பிளே கெடையாது. வெள்ளை மூடித் தண்ணியும் இனிமே செல்லாது, குளோரினைப் புடிச்ச இடத்துலயே உடனே பாக்கணும். ரெண்டும் உங்க வாரியம் எழுதின விதிதான். ஆனா இன்னைக்கு சப்ளை நிக்கறதுக்குள்ள மறுபடி எடுத்தாகணும். வண்டியை எடுங்க!"

அவர் ஓடினார். கெமிஸ்ட் பம்ப் அறைக்குள் தலையை நீட்டினாள்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?"

"மீட்டர் கிட்டத்தட்ட முடிஞ்சாச்சும்மா! அரை மணி ஓடினா அதிகம்!"

"கொஞ்சம் இழுத்துப் புடிங்கண்ணே!"

"சீல் வெச்ச மீட்டரை நான் எங்கேருந்து இழுக்க? உன் கையெழுத்தா, இழுத்துக்கிட்டே போறதுக்கு?"

படியிறங்கிக்கொண்டே தையல்கார அக்காவுக்கு போன் போட்டாள். கடைசிக் குழாய் இருப்பது அந்த அக்காவின் தையல் கடை வாசலில். வெட்டுகிற துணியில் ஒரு கண்ணும் தெருவில் ஒரு கண்ணும் வைத்திருக்கிற அக்கா அவள்.

"அக்கா, குழாய்ல தண்ணி வருதா?"

"வருது, வருது. நூல் மாதிரி. ஏன்?"

"யாரும் அதுல கை வெக்காம பாத்துக்குங்க, நாங்க வர்றோம். இன்னொண்ணு, காலையில அவர் சாம்பிள் எடுத்தாரே, அப்ப ஒழுங்காத்தானே எடுத்தாரு?"

"எங்கே எடுத்தாரு? அவரு பேசிக்கிட்டிருந்தாரும்மா."

"யாரோட?"

"குழாயோட."

கெமிஸ்ட் படியிலேயே நின்றுவிட்டாள்.

"குழாயோடயா?"

"பின்னே? எதிர்ல வேற யாரு இருந்தா? குழாயைப் பாத்து, 'மேடம், இன்னையோட என் வேலை முடியுது'ன்னாரு. அது சரியில்லைன்னு தலையை ஆட்டிக்கிட்டாரு. அப்புறம் மேடம்ங்கற வார்த்தையை எடுத்துட்டு, 'இனிமே உங்க தண்ணியைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணுமில்லைங்க, உங்ககிட்டப் பேச நிறைய இருக்கு'ன்னாரு. அது நல்லா வந்துச்சு. நாலஞ்சு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. கையில பாட்டிலு, வாயில டயலாக்கு. நான் ஊசியைக் கீழ வெச்சுட்டு உக்காந்து கேட்டேன். எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா. ஆமா, யாரந்த 'உங்ககிட்ட'?"

கெமிஸ்ட் போனை அணைத்துவிட்டாள். அவளுடைய கோபம் எங்கே போனது என்று தேடினால் கிடைக்காது. கீழே அவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்து வியர்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஏறி, ஐஸ் பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்வது? வேகத் தடை வரும்போதெல்லாம் பெட்டிக்குள் ஐஸ் குலுங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவளுக்கோ, குழாய்க்கு முன்னால் நின்று மேடத்தை எடுத்துவிட்டு ஒத்திகை பார்த்த மனுஷன் கண்ணுக்குள்ளேயே நின்றார். சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடக்கிய சிரிப்பு தோளைக் குலுக்கியது, பெட்டியைக் குலுக்கியது, பெட்டி அவர் முதுகைக் குலுக்கியது.

"அழறீங்களா?" என்றார் அவர் திரும்பாமல்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!"

"அழாதீங்க. தண்ணி தேறலைன்னா என் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். என் வேலை போனாலும் பரவாயில்ல."

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்துவிட்டது. எது எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கடைசித் தெரு வந்துவிட்டது.

தையல்கார அக்கா குழாய்க்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு காவல் நின்றிருந்தாள். குடத்தோடு வந்த இரண்டு பேரை அளவு நாடாவால் மிரட்டி வைத்திருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் நூலாகக்கூட இல்லை. நடுநடுவே அறுந்து, சொட்டி, மறுபடி நூலானது.

கெமிஸ்டுக்குக் கை பரபரத்தது. ஆனால் வாரியத்தின் சாம்பிளில் அவள் விரல் படக் கூடாது. கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நின்றாள். பெட்டிக்காரர் குழாயின் முன்னால் மண்டியிட்டார். ஒரு பாட்டிலை எடுத்து, பழைய தண்ணீரைக் கொட்டினார்.

"வெள்ளை மூடி" என்றாள் அவள்.

"வெள்ளை மூடி" என்றார் அவர்.

"வெள்ளை மூடியாம்" என்று தையல்கார அக்கா குடத்துக்காரர்களிடம் விளக்கினாள், ஏதோ அவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி.

பாட்டிலில் தண்ணீர் ஏறியது. கால் பங்கு. அரைப் பங்கு. குழாய் இருமியது. ஒரு தடவை காற்றைத் துப்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி கொஞ்சம் வந்தது, பிறகு நின்றேவிட்டது. பம்ப் அண்ணனின் மீட்டர் அன்றைய அளவை முடித்துக்கொண்டது.

"போதும்" என்றார் அவர். "குப்பிக்கு இது போதும்."

ஊற்றினார். மாத்திரையை எடுத்தார்; கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்துப் போட்டார். மூடிக் குலுக்கினார். குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

ஒன்றுமில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கெமிஸ்டுக்கு ஏணியின் உச்சியில் கண்ணைத் திறந்துவிட்ட மாதிரி தலை சுற்றியது. லாரியும் குடமும் சண்டையும் கண் முன்னால் வந்தன. மாத்திரை கரையக் கொஞ்சம் நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை பார்த்தவள். ஆனாலும் அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

பிறகு குப்பியின் அடியில் ஒரு கீற்று. அது மெதுவாக மேலே பரவியது. இளஞ்சிவப்பு. தொட்டியில் பார்த்ததைவிடக் கொஞ்சம் வெளுப்பு; ஆனால் சந்தேகமில்லாத இளஞ்சிவப்பு. அவர் நிற அட்டையோடு வைத்து ஒப்பிட்டார். ஒரு தடவை பார்த்து, நம்பாமல் அவளிடம் காட்டினார். அவள் பார்த்து, நம்பாமல் தையல்கார அக்காவிடம் காட்டினாள். அக்கா, "இந்தக் கலர்ல எங்கிட்ட நூலு இருக்கு" என்றாள்.

"தேறிடுச்சு" என்றார் பெட்டிக்காரர். "பத்தாவது நாளும் தேறிடுச்சுங்க!"

குடத்துக்காரர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. தட்ட வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. கெமிஸ்ட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு நாளைக்கும் தண்ணீர் வரும், நாளை மறுநாளும் வரும், அவள் சொட்டவிட்ட குளோரின் கடைசிக் கடைவரை உயிரோடு வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குத் தெருவில் குதிக்கலாம் போலிருந்தது. நான் அவளாக இருந்திருந்தால் குதித்தே இருப்பேன்.

பெட்டிக்காரர் கையெழுத்துக்கு அட்டையை நீட்டினார். அவள் போட்டாள். இந்தத் தடவை சட்டென்று முடிந்துவிட்டது. அவர் பாட்டில்களை அடுக்கினார். பெட்டியை மூடினார். மூடிய பெட்டியை மறுபடி திறந்து, பார்த்துவிட்டு மூடினார்.

"அப்போ..." என்றார்.

"ம்."

"இனிமே..." என்று ஆரம்பித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடித்தபோது எல்லாம் போய்விட்டது. முகத்தில் அசடு வழிந்தது. "இனிமே உங்க..."

"தண்ணியைப் பத்தி" என்று கடைக்குள்ளிருந்து தையல்கார அக்கா எடுத்துக்கொடுத்தாள்.

பெட்டிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்ததும் கழுத்திலிருந்து நெற்றிவரை ஒரே சிவப்பு. எந்த அட்டையிலும் இல்லாத சிவப்பு.

"தண்ணியைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார், ஒப்பிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு என்ன நினைத்தாரோ, ஒப்பிப்பதை விட்டுவிட்டு அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். "நாளைக்கு இந்நேரம் நான் எங்க போவேன்னு எனக்குத் தெரியல. காலையில அதை நெனச்சுக்கிட்டேதான் மூடியைப் பாக்கல. ஊருக்கே தண்ணி இல்லாம பண்ணியிருப்பேன். என்னை மாதிரி ஒரு முட்டாள் உங்களுக்கு வேணுமான்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

தையல் மெஷின் நின்றுவிட்டது. குடத்துக்காரர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கெமிஸ்ட் கோட்டை நேராக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இங்க பாருங்க. இப்பவே நேரா உங்க வாரியத்துக்குப் போங்க. போய், இனிமே எங்க நிலையத்துக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"அடிப்பாவி!" என்றாள் தையல்கார அக்கா.

"புரியுதுங்க" என்றார் அவர் மெல்ல. "செஞ்சது பெரிய தப்பு. நீங்க கோவப்படறது நியாயம்தான்."

"கோவமா? விதியை முழுசாப் படிச்சிருக்கீங்களா, இல்லையா?" என்றாள் கெமிஸ்ட். குரல் நடுங்கியது; சிரிப்பில்தான். "ஒரு நிலையத்துல வேலை பாக்கறவங்களோட வீட்டுக்காரர் அந்த நிலையத்துல சாம்பிள் எடுக்கக் கூடாது."